கேஸ் மாத்திரை – நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள்



நம் பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது நான் எழுதுவதாகவே இல்லை. சூரிய ஒளி மின்சாரம், சி.என்.சி. இயந்திரம் என்று அழகாக எழுத நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். கவிதைக்குச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு வகுப்பிலும் நாலு பேர்! எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். போன வருஷத்திலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஒரு மாத்திரைதான். நீங்களும் போட்டிருப்பீர்கள். ஹாஸ்டலில் யாருடைய பெட்டியைத் திறந்தாலும் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அது இருக்கும். அதுதான் கேஸ் மாத்திரை.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மருந்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிக்க வேண்டாம். பொறுமையாகப் படித்தால் இதிலும் ஒரு பம்ப் வரும்.

அப்பாவின் கதை

என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா மூன்றாவது வரை. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மூட்டை தூக்குகிற எவருக்கும் இடுப்பு வலி, முழங்கால் வலி இல்லாமல் இருக்காது. அப்பாவுக்கும் உண்டு. வலிக்கு மாத்திரை போடுவார். வலி மாத்திரை போட்டால் வயிறு எரியும். அதற்கு ஒரு கேஸ் மாத்திரை. நான் பத்தாவது படிக்கும்போது இந்தப் பழக்கம் ஆரம்பித்தது. சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது அப்பா கூப்பிடுவார்.

"கண்ணு, மெடிக்கல்ல வலிக்கு ரெண்டு, கேஸுக்கு ரெண்டு வாங்கிட்டு வந்துரு."

நானும் போவேன். சீட்டு இருக்கிறதா, டாக்டர் எழுதினதா என்று அந்தக் கடையில் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. அட்டையிலிருந்து இரண்டு இரண்டாகக் கத்தரித்துக் கொடுப்பார்கள். ஒருமுறை வெள்ளை, ஒருமுறை மஞ்சள், சில சமயம் இரண்டு நிறத்தில் கேப்ஸ்யூல். கையில் எது வந்ததோ அதைக் கொண்டு போய்க் கொடுப்பேன். கிட்டத்தட்ட இரண்டரை வருஷம் அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு நாள் காலையில் அப்பா மண்டிக்குப் போகவில்லை. "தலை சுத்துதுடா" என்றார். பாத்ரூம் போய்விட்டு வந்தவர் திண்ணையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள், இரண்டு நாளாக அவருக்கு வெளிக்குப் போவது தார் மாதிரி கருப்பாக இருக்கிறதாம். மண்டியில் ஏதோ ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாளாம். சத்தியமாகச் சொல்கிறேன், கருப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது. வயிற்று அமிலம் பட்டு ரத்தம் கருத்துவிடுகிறது. அதனால் சிவப்பாகத் தெரியாது.

108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஹீமோகுளோபின் 6-க்குக் கொஞ்சம் மேலே. டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை போடறார்?"

அம்மா சொன்னாள்: "வெள்ளையா ஒண்ணுங்க, மஞ்சளா ஒண்ணுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீ படிக்கிற பையன்தானே?"

வீட்டுக்கு ஓடிப்போய் அலமாரியில் கிடந்த துண்டு அட்டைகளை எல்லாம் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், பெயரில் பாதி ஒரு துண்டில், மில்லிகிராம் இன்னொரு துண்டில், காலாவதித் தேதி எதிலும் இல்லை. இரண்டு இரண்டாகக் கத்தரித்தால் இதுதான் நடக்கும். எழுத்தைக் கூட்டி வாசித்தேனே தவிர, அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. டாக்டரம்மாதான் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, வலி மாத்திரை டைக்ளோஃபினாக், கேஸ் மாத்திரை சிலது பான்டோபிரசோல், சிலது அதனுடன் டோம்பெரிடோன் கலந்தது என்று எழுதிக்கொண்டார்.

குழாய் விட்டுப் பார்த்ததில் சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்தில் புண். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பதிலுக்கு ரத்தம் கொடுக்க நான் போய் நின்றேன். பதினெட்டு வயது முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு நம் துறை மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் இரண்டு பேர் கேட்ட உடனே பஸ் பிடித்து வந்து கொடுத்துவிட்டு, ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காமல் போனார்கள். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. அவர்களுக்கு இந்த மலர் வழியாக என் நன்றி.

அப்பா பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் இந்த மாத்திரையைப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் டி.ஃபார்ம் படிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய புத்தகங்களை வாங்கிப் படித்தேன். புரியாததைக் கேட்டேன். இக்கட்டுரையையும் அவரிடம் காட்டித் திருத்திய பிறகே கொடுக்கிறேன்.

வயிற்றுக்குள் ஒரு பம்ப்

முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுக்கும்போது, வாயில் உறிஞ்சிவிடாதே என்று சார் சத்தம் போடுவாரே, அதே அமிலம்தான் நம் இரைப்பையில் சுரக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் இரைப்பை நீர். நம் ரத்தத்தின் பி.எச். 7.4. இரைப்பைக்குள் 1.5 வரை இறங்கும். பி.எச். ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று படித்திருக்கிறோம். ஆறு படி இறங்கினால்? பத்து லட்சம் மடங்கு! ஹைட்ரஜன் அயனியை இவ்வளவு 'ஹெட்'டுக்கு எதிராகத் தள்ள வேண்டுமென்றால் பம்ப் இல்லாமல் முடியுமா? அப்படி ஒரு பம்ப் உண்மையிலேயே இருக்கிறது. இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் இருக்கும் ஒரு புரதம் அது. புரோட்டான் பம்ப் என்று பெயர். பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும்.

இந்தப் பம்பை ஓட்டுவதற்கு மூன்று ஸ்விட்ச்கள். ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், கேஸ்ட்ரின். சாப்பாட்டை நினைத்தாலே, வாசனை பட்டாலே ஸ்விட்ச் விழ ஆரம்பித்துவிடும்.

அமிலத்தால் இரைப்பைச் சுவர் வெந்துவிடாமல் இருக்க ஒரு கோழைப் படலமும் அதற்குள் பைகார்பனேட்டும் காவல் இருக்கின்றன. உணவுக் குழாயில் அந்தக் காவல் கிடையாது. அதனால்தான் அமிலம் மேலே ஏறினால் நெஞ்சு எரிகிறது. நாம் 'கேஸ்' என்று சொல்வதில் பாதிக்கு மேல் வாயுவே அல்ல, இந்த எரிச்சல்தான். பெயரே தப்பு! ஆனாலும் ஊர் வழக்கை மாற்ற நம்மால் ஆகாது, நானும் கேஸ் மாத்திரை என்றே எழுதுகிறேன்.

இனி மருந்துகளைப் பார்ப்போம். நம்மில் பலர் எல்லாமே ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றும் மூன்று வேலை.

ஜெலுசில், டைஜீன் போன்ற சிரப், சப்புகிற மாத்திரை எல்லாம் ஆன்டாசிட். அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு என்ற காரங்கள். சுரந்துவிட்ட அமிலத்தில் காரத்தை ஊற்றிச் சமன் செய்வது. டைட்ரேஷன்தான், வேறொன்றுமில்லை. சில நிமிடங்களில் கேட்கும், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும்.

இரண்டாவது வகை, மூன்று ஸ்விட்ச்களில் ஹிஸ்டமின் ஸ்விட்சை மட்டும் அடைப்பது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிளாக் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் கண்டுபிடித்த சிமெடிடின் 1976-ல் விற்பனைக்கு வந்தது. அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் அதிகம் ஓடியது இதே வகையில் வந்த ரானிடிடின். 2019-ல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் வேதிப்பொருள் கலந்திருப்பது தெரியவந்தது. 2020-ல் அமெரிக்காவில் எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022-ல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. வீட்டில் பாட்டி பழைய அட்டை எதையாவது சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தால் அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது வகைதான் நம் கட்டுரையின் நாயகன். ஸ்விட்சைத் தொடாமல் பம்பையே நேராகப் பிடித்து ஜாம் செய்வது. ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்டு 1988-ல் விற்பனைக்கு வந்த ஒமெப்ரசோல் இதில் முதலாவது. பிறகு லான்சோபிரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று வரிசையாக வந்தன. கடையில் வேறு வேறு பெயர்களில் விற்பார்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் '-பிரசோல்' என்று முடிந்தால் இந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

(ஒரு வேடிக்கை. ஒமெப்ரசோல் அமெரிக்காவுக்கு லோசெக் என்ற பெயரில் போனது. சிறுநீர் போகக் கொடுக்கும் லாசிக்ஸ் என்ற மருந்தோடு கையெழுத்தில் குழம்பியதால் 1990-ல் பிரைலோசெக் என்று பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. டாக்டர் கையெழுத்து எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது!)

எப்போது போடுவது?

என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது இந்தப் பகுதிதான். அமிலத்தை நிறுத்துகிற இந்த மருந்து அமிலம் பட்டால் கெட்டுப்போகும்! அதனால் இரைப்பையில் கரையாதபடி மேலே ஒரு பூச்சு போட்டிருக்கிறார்கள். மாத்திரை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய், அங்கே கரைந்து, ரத்தத்தில் சேர்ந்து, அமிலம் சுரக்கும் செல்லுக்குப் பின்வாசல் வழியாக வருகிறது. அங்கே வந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் வெளியே தள்ளுகிற அமிலம் பட்டுத்தான் மருந்து விழித்துக்கொள்கிறது. விழித்ததும் பம்பைப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. ஓடாமல் தூங்குகிற பம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மருந்து செல்லுக்கு வந்து சேரும் நேரமும், பம்ப் ஓடுகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரத்தத்தில் இந்த மருந்து நெடுநேரம் தங்காது, ஒமெப்ரசோலின் அளவு சுமார் ஒரு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த பம்ப்கள் காலைச் சாப்பாட்டுக்குத்தான் அதிகமாக ஓடும். எனவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீரில் விழுங்க வேண்டும். பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியை விட்டுவிட்டு முதல் பீரியடுக்கு ஓடினால் பாதி வேலைதான் நடக்கும்.

அப்பா எப்படிப் போட்டார் தெரியுமா? ராத்திரி சோறு உண்டு முடித்து, எரிச்சல் வந்த பிறகு. அதுவும் "முழுங்கினா தொண்டையில நிக்குது" என்று கடித்து மென்று! பூச்சு போனது, மருந்தும் போனது. எரிந்த அன்று ஒன்று, எரியாத நாளில் இல்லை. வலி மாத்திரை மட்டும் தினமும்.

இன்னொன்று. முதல் நாளே எல்லாப் பம்ப்பும் ஓடாது, ஓடுவது மட்டுமே ஜாம் ஆகும். உடம்பும் தினம் கொஞ்சம் புதுப் பம்ப் செய்துகொண்டே இருக்கும். அதனால் தொடர்ந்து போட்டால் மூன்று, நான்கு நாட்களில்தான் முழுப் பலன் தெரியும். "ஒண்ணு போட்டேன், கேக்கல, இன்னொண்ணு போட்டேன்" என்று பரீட்சை ராத்திரியில் சொல்கிற நண்பர்களே, அது அப்படி வேலை செய்கிற மருந்தே இல்லை. அந்த நேரத்து எரிச்சலுக்கு ஆன்டாசிட்தான். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். சேர்த்து இரண்டு வேண்டாம்.

வலி மாத்திரை செய்த வேலை

மேலே கோழைப் படலம் என்று சொன்னேன் அல்லவா, அது சுரக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை இதைச் சுரக்கவிடாமல் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. 1971-ல் ஜான் வேன் என்பவர் இதைக் கண்டறிந்தார். வலி குறையும்போது வயிற்றின் காவலும் குறைந்துவிடுகிறது.

போதாததற்கு அப்பாவின் வயிற்றில் ஒரு கிருமியும் இருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது, புண் வருவது காரத்தாலும் கவலையாலும்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இல்லை என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்தார்! சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. எங்கள் வீட்டிலும் "குழம்புல காரம் போட்டதாலதான் இப்படி ஆச்சு" என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் சமாதானம் ஆனாள்.

கிருமி இருந்தால் கேஸ் மாத்திரை மட்டும் போதாது. இரண்டு வகை ஆன்டிபயாடிக்கும் சேர்த்து 14 நாள் கொடுத்தார்கள். கிருமி போய்விட்டதா என்று பிறகு பரிசோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இல்லாவிட்டால் கிருமி அடங்கிக் கிடந்து, இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடுமாம். டாக்டரிடம் சொல்லாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு பரிசோதனைக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி கருப்பாகப் போனது. அம்மா அழுதே விட்டாள். ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரும்பு மாத்திரையாலும் கருப்பாகப் போகும், ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பும் அந்தக் கெட்ட நாற்றமும் இருக்காது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. வரிசையில் அவருக்காகக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நீண்ட நாள் போட்டால்

அரசு சட்டப்படி இவை ஷெட்யூல் ஹெச் மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். இடது மேல் மூலையில் 'ஆர்' எழுத்தின் காலில் குறுக்கே கோடு போட்டது போல ஒரு குறி இருக்கும், பாருங்கள். மிட்டாய் மாதிரி வாங்குவதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை.

டாக்டர் சொன்ன நாள் வரை போட்டால் பெரும்பாலோருக்கு நல்ல மருந்து. என் அப்பாவைக் காப்பாற்றியதும் இதே பான்டோபிரசோல்தான், ஊசியிலும் மாத்திரையிலும். சாதாரணமாக 4 வாரம், 8 வாரம் என்று கணக்கு வைத்துக் கொடுக்கிறார்கள். நம் ஆட்கள் அந்தப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு நாலு வருஷம் போடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம். அமிலம் வேண்டாத பொருள் அல்லவே. உணவிலிருந்து பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க அது வேண்டும். இரும்பு சேரவும் வேண்டும். உணவோடு வரும் கிருமியைக் கொல்லவும் வேண்டும். நெடுநாள் போட்டவர்களுக்கு எலும்பு முறிவு கூடலாம் என்று 2010-லும், ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம் என்று 2011-லும், ஒருவகைக் கடும் வயிற்றுப்போக்கு வரலாம் என்று 2012-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மெக்னீசியம் குறைந்தால் தசை இழுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வரும். இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையின் வேலையை ஒமெப்ரசோல் குறைத்துவிடும். ஆகவே வேறு மாத்திரை போடுகிறவர்கள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கேப்ஸ்யூல் பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஒரு எழுத்து நின்றால் கவனியுங்கள். பெரும்பாலும் அது டோம்பெரிடோன். வாந்திக்கான மருந்து. சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும் என்பதால், நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்று 2014-ல் ஐரோப்பாவில் கட்டுப்படுத்தினார்கள். வாந்தியே இல்லாத அப்பாவுக்கு நான் இதை மாதக் கணக்கில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடையில் "எது நல்லா கேக்கும்?" என்று நானே கேட்டு வாங்கினேன். அவர் இதை எடுத்துக் கொடுத்தார்.

நிறுத்துவதிலும் ஒரு சங்கதி உண்டு. பம்ப் ஜாம் ஆகி அமிலம் குறைந்ததும், உடம்பு 'தண்ணி வரலையே' என்று கேஸ்ட்ரின் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருக்கும். மருந்தைத் திடீரென்று விட்டால் முன்பைவிட அதிகமாக அமிலம் பொங்கும். 2009-ல் டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 8 வாரம் எசோமெப்ரசோல் போட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு அடுத்த 4 வாரத்தில் எரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொந்தரவு வந்தது. வெறும் மாவு மாத்திரை போட்டவர்களில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவருக்கு மாத்திரையே நோயைக் கொடுத்தது என்றுதானே அர்த்தம்! அப்பாவும் நிறுத்திய வாரத்தில் "பாத்தியா, இது இல்லாம எனக்கு ஆகாது" என்றார். டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் ஆன்டாசிட்டை வைத்துச் சமாளித்தோம். மூன்றாவது வாரம் தானாக அடங்கியது.

இதைப் படித்துவிட்டு உடனே வீட்டில் யாருடைய மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடும் பெரியவர்கள், உணவுக் குழாய் மோசமாகப் புண்பட்டவர்கள் ஆகியோருக்கு டாக்டர் வருஷக் கணக்கில் எழுதியிருக்கலாம். அவர்களுக்கு நிறுத்துவதுதான் ஆபத்து. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேஸ் என்று நினைத்து ஏமாறும் இடம்

நம் வீடுகளில் நெஞ்சு வலித்தால் முதல் வார்த்தை, "கேஸ் புடிச்சிருக்கும்." சோடா, சீரகத் தண்ணீர், கேஸ் மாத்திரை. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி, இடது கை, தாடை, முதுகு என்று பரவுவது, வேர்ப்பது, மூச்சு வாங்குவது இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலேயே வரும். மாத்திரை கேட்கிறதா என்று படுத்துப் பார்க்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அதேபோல் கருப்பாகப் போவது, ரத்த வாந்தி அல்லது காப்பித் தூள் மாதிரி வாந்தி, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, சோகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் கேஸ் மாத்திரையால் மூடி வைக்கக் கூடாது. வயிற்றுப் புற்றுநோய்கூட இந்த மாத்திரைக்குக் கொஞ்ச நாள் அடங்கின மாதிரி நடிக்குமாம்.

ஹாஸ்டல் நண்பர்களுக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. காலையில் வெறும் வயிற்றில் டீ, மத்தியானம் மெஸ்ஸில் வரிசை பார்த்துப் பயந்து பப்ஸ், ராத்திரி பதினொரு மணிக்குப் புரோட்டா, உடனே படுக்கை. இப்படி நடந்துவிட்டு ரூம்மேட் பெட்டியில் கை விடுவதை நானும் செய்திருக்கிறேன். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தாலே பலருக்குப் பாதி எரிச்சல் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேலும் எரிந்தால் நம் ஊர் அரசு மருத்துவமனையில் காட்டலாம், சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

அப்பா இப்போது வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் அளவாக. இடுப்புக்குப் பெல்ட் கட்டுகிறார். மூட்டை தூக்குவதை விடச் சொன்னார்கள். விட்டால் என் கடைசி செமஸ்டர் ஃபீஸை யார் கட்டுவது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மண்டியில் தையல் போடும் வேலைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார், பாதி நாள் அது, பாதி நாள் மூட்டை. எனக்குப் பதினெட்டு முடிந்த வாரமே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் சட்டைப் பையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. பெயர், ரத்த வகை, வந்த நோய், போடுகிற மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது, என்றைக்கு நிறுத்துவது, போடக் கூடாதவை எவை என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்து கொடுத்திருக்கிறேன். அவரால் படிக்க முடியாது, ஆனால் எங்கே போனாலும் முதலில் அதை எடுத்து நீட்டுகிறார். அதே மாதிரி வெற்றுப் படிவம் நூறு ஜெராக்ஸ் எடுத்துப் பேரவை அறையில், கேரம் போர்டுக்கு மேல் இருக்கும் தட்டில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குப் போகும்போது வீட்டில் கிடக்கும் அட்டைகளைப் பார்த்துப் பூர்த்தி செய்யுங்கள். அட்டையைக் கத்தரித்திருந்தால் பெயர் தெரியாது, கடையில் முழு அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை